லேப்டாப் மலையேறிவிட்டதா? வாசகர் கேள்வி பதில்

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பாட்டுதான்: "லேப்டாப் ஆமை வேகத்தில் நகர்கிறது, லைட்டான ஓஎஸ் ஒன்று சொல்லுங்கள்." ஓஎஸ் என்றால் விண்டோஸ் மாதிரி லேப்டாப்பை இயக்கும் அடிப்படை மென்பொருள். இந்த முறை நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். நானும் கோத்தகிரிக்காரன்தான், இந்தக் குளிரில் லேப்டாப் படும் பாடு கொஞ்சம் தெரியும்.

கேள்வி: எங்களிடம் இருப்பது 2013-ல் வாங்கிய லேப்டாப். ஐ3 மூன்றாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பச்சைத் தேயிலைக் கணக்கை நான் எக்ஸெல்லில் போடுவேன், பையன் யூடியூபில் பாடம் பார்ப்பான். ஆன் செய்துவிட்டு டீ போடப் போனால், குடித்து முடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் டெஸ்க்டாப் வருகிறது. லுபுன்டு போடுங்கள் என்கிறார் கடைக்காரர், மின்ட் என்கிறான் தம்பி, பப்பி என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். எதைத்தான் போடுவது?
– வாசகி, அரவேணு

பதில்: மூன்றும் லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ்ஸின் வகைகள்தான். எதையும் போடுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். லேப்டாப் முக்கிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று வரிசையாக இருக்கும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் சிபியு 20, 30 சதவீதத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும், டிஸ்க் மட்டும் 100-ல் முட்டிக்கொண்டு நிற்கும் என்று நினைக்கிறேன். அப்படி நின்றால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க்.

லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல்கள் பதிந்திருக்கும் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல் துண்டுகளைத் தேடிப் போய் எடுக்க ஒவ்வொன்றுக்கும் 10 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும், அதாவது செகண்டுக்கு 100 துண்டு எடுத்தாலே பெரிய காரியம். விண்டோஸ் 10 எழுந்திருக்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கில். அதோடு ஆன்டிவைரஸ் ஒரு பக்கம், அப்டேட் ஒரு பக்கம் தட்டைப் படிக்கும் அதே முள்ளைப் பிடித்து இழுக்கும்போது உங்கள் எக்ஸெல் ரேஷன் கடை வரிசையில் கடைசி ஆளாக நிற்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் எல்லாம் சிப்தான், சுற்றும் தட்டும் இல்லை, ஓடும் முள்ளும் இல்லை. அதே வேலையைச் செகண்டுக்கு ஆயிரக்கணக்கில் செய்துவிடும். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி போதும். உங்கள் லேப்டாப்பில் நாலைந்து ஸ்க்ரூ கழற்றினால் பழையது வெளியே வரும், புதியது அதே இடத்தில் உட்காரும். ராமையும் 8 ஜிபி ஆக்க முடிந்தால் ஆக்குங்கள். இருக்கும் ராமின் ஸ்டிக்கரில் பிசி3எல் என்று போட்டிருந்தால் அந்த 'எல்'லை விட்டுவிடாதீர்கள், அது 1.35 வோல்ட்டில் ஓடும் வகை. கடையில் சொல்லும்போது பழைய ராமையே கழற்றிக் கையில் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

கழற்றுவதுதான் கழற்றுகிறீர்கள், விசிறியையும் பாருங்கள். போன மார்கழியில் கட்டபெட்டுப் பக்கத்து உறவினர் ஒருவரின் லேப்டாப்பைத் திறந்தேன். விசிறிக்கும் அதற்கு எதிரே இருக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் விரல் கனத்துக்கு, நெய்த துணி மாதிரியே, சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. பிய்த்தால் கையோடு முழுசாக வந்தது. தூசி என்று நினைத்தேன், பார்த்தால் பாதி கம்பளி நூல். குளிருக்கு மடியில் கம்பளியைப் போட்டு அதன் மேல் லேப்டாப்பை வைத்துப் பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். காற்று இழுக்கும் ஓட்டை அடிப்பக்கம் இருப்பதால் அது மூச்சுக்குக் கம்பளியைத்தான் இழுக்கிறது. சூடு 90, 100 டிகிரிக்குப் போனதும் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெளியே 8 டிகிரி, உள்ளே 95. அந்தப் பட்டையை எடுத்து, பிராசஸரின் சூட்டைக் கடத்தும், ஆனால் காய்ந்து சுண்ணாம்பாகிவிட்ட தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்ததில், ஓஎஸ் எதையும் தொடாமலே அந்த லேப்டாப் பாதி குணமாகிவிட்டது. கம்பளிக்கு மேல் ஒரு பலகையோ பெரிய தட்டோ வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

சரி, இப்போது ஓஎஸ். மூன்றாம் தலைமுறை ஐ3-ஐ விண்டோஸ் 11 ஏற்காது. எட்டாம் தலைமுறை இன்டெல்லும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கும். ஆகவே உங்களுக்கு லினக்ஸ்தான், அதில் உங்கள் தம்பி சொன்னது சரி: லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. சின்னமன் பதிப்பு பார்க்க அழகு, ஆனால் உங்கள் லேப்டாப்பின் வயதுக்கு வேண்டாம். எக்ஸ்எஃப்சிஇ ஆன் ஆனதும் சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 1 ஜிபி ராம் எடுக்கும், கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு, பார்த்த மாத்திரத்தில் பழகிவிடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. எக்ஸெல் ஃபைல்கள் லிப்ரே ஆஃபீஸில் திறக்கும், கூட்டல் கழித்தல் சூத்திரங்கள் அப்படியே வரும், மேக்ரோ எழுதி வைத்திருந்தால் மட்டும் தகராறு. பப்பி வேறு ஜாதி, அதைப் பிறகு சொல்கிறேன்.

மின்ட் ஃபைல் ஏறக்குறைய 3 ஜிபி. உங்கள் பக்கம் டவர் எப்படி என்று எனக்குத் தெரியும், டவுனுக்குப் போகும்போது இறக்கிக்கொள்ளுங்கள். பாதியில் அறுந்து ஒட்டிய ஃபைலாக இருந்தால் இன்ஸ்டால் நடுவில் காலை வாரும், அதனால் ஃபைல் முழுசாக இறங்கியதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணை மின்ட் தளத்தில் இருப்பதோடு ஒப்பிட்டுவிட்டு, ரூஃபஸ் அல்லது வென்டாய் என்ற மென்பொருளை வைத்து 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றுங்கள். அப்புறம் உடனே இன்ஸ்டால் பட்டனை அமுக்கிவிட வேண்டாம். பென் டிரைவிலிருந்தே மின்ட் ஓடும். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, வெளிச்சம் கூட்டும் பட்டன் வேலை செய்கிறதா, மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா என்று ஒரு மணி நேரம் பாருங்கள். பென் டிரைவில் கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும், அதை வைத்து மார்க் போடாதீர்கள். சில பிராட்காம் வைஃபை சிப்புகளுக்கு டிரைவர் தனியாக ஏற்ற வேண்டும். நெட் இல்லாமல் நெட்டுக்கான டிரைவரை எப்படி இறக்குவது என்று தலையைச் சொறிய வேண்டாம், போனை யுஎஸ்பி கேபிளில் சொருகி டெதரிங் ஆன் செய்தால் நெட் வந்துவிடும்.

இன்னொன்று, பேட்டரி செத்துப்போன லேப்டாப் என்றால் நாள் பார்த்து இன்ஸ்டால் செய்யுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி ஆடியிலும் நம் பக்கம் ஐப்பசி கார்த்திகையிலும் எந்த நிமிடம் மரம் லைன் மேல் விழும் என்று சொல்ல முடியாது. டிஸ்க்கைப் பார்ட்டிஷன்களாகப் பிரித்து எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்துதான். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு வைத்திருந்தால் கணக்கு ஃபைல்கள் அதில் பத்திரமாக இருக்கும்.

பையனின் யூடியூப் பற்றி. ஓஎஸ் மாற்றியும் வீடியோ திக்கினால் ஆச்சரியப்படாதீர்கள். யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற வடிவங்களில் வீடியோவை அனுப்புகிறது. 2013-ன் கிராஃபிக்ஸ் சிப்புக்கு அவற்றைப் பிரிக்கத் தெரியாது, அந்தப் பாரம் பிராசஸர் தலையில் விழுகிறது. எச்264ஃபை என்று ஒரு பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, அதைப் போட்டால் பழைய சிப்புக்குத் தெரிந்த எச்.264-லேயே வீடியோ வரும். 480 அல்லது 720-ல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கரும்பலகையைப் பார்க்க அது தாராளம்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த இலவச லேப்டாப். 2 ஜிபி ராம். 32-பிட் என்று காட்டுவதால் இனி எதுவும் போட முடியாது என்கிறார்கள். அதில் பாஸ் லினக்ஸ் என்று ஒன்றும் இருந்தது, அதையே பயன்படுத்தலாமா?
– வாசகர், தேவர்சோலை, கூடலூர்

பதில்: "என்கிறார்கள்" என்பதை நம்பாமல் நீங்களே சிஸ்டம் விவரத்தைத் திறந்து முழு வரியையும் படியுங்கள். "32-பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64-பேஸ்டு பிராசஸர்" என்று இருக்கிறதா? அப்படியென்றால் ஏற்றி வைத்த விண்டோஸ்தான் 32-பிட் என்ற பழைய வகை, எஞ்சினான பிராசஸர் 64-பிட், இன்றைய ஓஎஸ்ஸை ஏற்கும். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் லேப்டாப்புகள் எனக்குத் தெரிந்தவரை 64-பிட் பிராசஸர் கொண்டவைதான், நான் திறந்து பார்த்த எல்லாமே அப்படித்தான் இருந்தன. இதைச் சரியாகப் படிக்காமல் எத்தனை நல்ல லேப்டாப் பரணுக்குப் போயிருக்கிறது தெரியுமா.

பாஸ் லினக்ஸ் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்தது, நல்ல முயற்சி. ஆனால் உங்கள் லேப்டாப்பில் இருப்பது அன்றைய பழைய பதிப்பு. அதன் பிரவுசரில் இன்றைய வங்கித் தளம் எதுவும் திறக்காது, திறந்தாலும் நீங்கள் பாஸ்வேர்ட் போடக் கூடாது.

2 ஜிபிக்கு நான் லுபுன்டு சொல்வேன், இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பு, அதற்கு 3 ஆண்டு அப்டேட். கூடவே இசட்ராம் ஆன் செய்துகொள்ளுங்கள், ராமுக்குள்ளேயே பழைய சமாச்சாரங்களை மடித்து அமுக்கி இடம் பண்ணித் தரும். டிரங்குப் பெட்டியில் கம்பளியை உட்கார்ந்து அமுக்குகிற மாதிரி. ஆனால் நேராகச் சொல்கிறேன், 2 ஜிபியில் ஓஎஸ் அரை ஜிபி மிச்சம் பிடித்துக் கொடுத்தால் அதை பிரவுசர் நாலு டேப்பில் தின்று ஏப்பம் விட்டுவிடும். எவ்வளவு லைட்டான ஓஎஸ் போட்டாலும் நீங்கள் போய்ப் பார்க்கும் தளங்கள் லைட்டாவதில்லை. பழைய சாமான் கடையில் ஒரு 2 ஜிபி ராம் கிடைத்தால் காலியாக இருக்கும் இன்னொரு ஸ்லாட்டில் போட்டுவிடுங்கள், இந்த ஓஎஸ்ஸா அந்த ஓஎஸ்ஸா என்று ஒரு மாதம் மண்டையை உடைப்பதைவிட அது மேல்.

கேள்வி: கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டரில் காற்று மெல்லியதாக இருப்பதால் ஹார்ட் டிஸ்க் மெதுவாகும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், உதகை

பதில்: நண்பருக்கு அரை உண்மை தெரிந்திருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் முனை தட்டைத் தொடாமல் மெல்லிய காற்றுப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது, அதனால் உயரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பு பொதுவாக 3,000 மீட்டர் அளவில். தொட்டபெட்டா உச்சியில் உட்கார்ந்து டைப் அடித்தாலும் அதைத் தாண்ட மாட்டீர்கள். ஊட்டியில் எதிரி ஈரம்தான். உறைபனி நாளில் வெளியே காரில் கிடந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து அடுப்படிச் சூட்டில் வைத்து உடனே ஆன் செய்யாதீர்கள், கண்ணாடியில் வேர்க்கிற மாதிரி உள்ளேயும் வேர்த்திருக்கும். ஒரு மணி நேரம் போகட்டும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சில்லிட்டுப்போன பேட்டரியை அப்படியே சார்ஜில் போடுவதும் அதன் ஆயுளுக்குக் கேடு.

கேள்வி: 2009-ல் மகன் வாங்கித் தந்த 10 இன்ச் குட்டி லேப்டாப். இன்டெல் ஆட்டம் என்270, 1 ஜிபி ராம். ஓய்வுபெற்ற ஆசிரியர் நான், ஊர்க் கதைகளை எழுதி வைக்க ஆசை. இதற்கு உயிர் கொடுக்க முடியுமா?
– வாசகர், பூம்பாறை

பதில்: முடியும் ஐயா, ஆனால் பாதி உயிர். என்270 உண்மையிலேயே 32-பிட் பிராசஸர், அந்த உலகத்தின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. 2025-ல் வந்த டெபியன் 13-ல் 32-பிட் இன்ஸ்டாலர் கிடையாது. டெபியன் 12-க்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு இருக்கிறது, அதன் மேல் கட்டிய ஆன்டிஎக்ஸ் 23-ன் 32-பிட் பதிப்புதான் உங்களுக்கு ஏற்றது. சும்மா இருக்கும்போது 200, 300 எம்பிக்குள் அடங்கிவிடும். முன்னே ஒருவருக்குச் சொல்லாமல் விட்ட பப்பியும் இங்கேதான் பொருந்தும். 2003-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்த அது பென் டிரைவிலிருந்து மொத்தமாக ராமுக்குள் ஏறி உட்கார்ந்து ஓடும், ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போன லேப்டாப்பையும் எழுப்பிவிடும். ஆனால் சேமிப்பது, அப்டேட் செய்வது எல்லாம் அதற்கென்று தனி வழி, புதிதாக வருபவரைக் குழப்பும். அதனால் ஆன்டிஎக்ஸ்.

நெட் பார்க்க இதை நம்பாதீர்கள். குரோம் 32-பிட் லினக்ஸை 2016-லேயே கைவிட்டது, ஃபயர்ஃபாக்ஸும் 2025-ல் விட்டுவிட்டது. எழுத மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அபிவேர்ட் என்ற சின்ன மென்பொருள் அந்த மெஷினில் சட்டென்று திறக்கும். எழுதியதை வாரம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்து பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். சொல்லப்போனால் நோட்டிஃபிகேஷன் எதுவும் வராத மெஷின் எழுதுகிறவருக்கு நல்லதுதான், எனக்கே பொறாமையாக இருக்கிறது. பூம்பாறைப் பூண்டைப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதினால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

கேள்வி: காய்கறி மண்டிக் கணக்கு டாலியில். லேப்டாப்பில் விண்டோஸ் 10, ஐ5 ஆறாம் தலைமுறை. கடையில் "லைட் விண்டோஸ்" போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். லினக்ஸா, அதுவா?
– வாசகர், பண்ணைக்காடு

பதில்: இரண்டும் வேண்டாம். டாலி விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. அதை லினக்ஸில் ஒட்டுப்போட்டு ஓட்டி, ஜிஎஸ்டி கடைசி நாளில் பில் பிரிண்ட் வராமல் நிற்பதற்கு உங்களுக்கு நேரம் இருக்காது. "லைட் விண்டோஸ்" என்பது யாரோ முகம் தெரியாதவர் விண்டோஸின் கை காலை வெட்டி நெட்டில் போட்டது. எதை எடுத்தார், எதைச் சேர்த்தார் என்று போட்டுத் தருகிறவருக்கே தெரியாது. அதில் போய் உங்கள் மண்டியின் வரவு செலவையும் வங்கி பாஸ்வேர்டையும் வைப்பீர்களா?

விண்டோஸ் 10-லேயே இருங்கள். நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை வீட்டுப் பயனாளர்களுக்கு அப்டேட் உண்டு. எஸ்எஸ்டி போடுங்கள், ஸ்டார்ட்அப்பில் தானாக எழும் தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள், இந்த ஐ5 ஓடும் ஓட்டத்தைப் பார்த்து நீங்களே வியப்பீர்கள். அந்தத் தேதிக்குப் பிறகு டாலிக்கு மட்டும் நெட் இல்லாமல் விண்டோஸ், மற்றதற்கு அதே எஸ்எஸ்டியில் பக்கத்திலேயே மின்ட், ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று கேட்கும். பிரிண்டர் லேசராக இருந்தால் லினக்ஸ் டிரைவர் உண்டா என்று முதலில் பாருங்கள், கடைகளில் அதிகம் புழங்கும் சில பழைய மாடல்கள் லினக்ஸில் படாத பாடு படுத்தும்.

கேள்வி: குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ் போட்டால் போனில் இருக்கும் ஆப் எல்லாம் வருமா?
– வாசகி, குன்னூர்

பதில்: வராது. அது பழைய லேப்டாப்புகளுக்கென்று கூகுள் தரும் ஓஎஸ், பிளே ஸ்டோர் அதில் கிடையாது. பிரவுசரே கதி என்று இருப்பவர்களுக்கு, 4 ஜிபி ராமும் நிலையான நெட்டும் இருந்தால், அம்சமாக இருக்கும். நெட் போய்ப் போய் வரும் வீட்டில் அது அலங்காரப் பொருள்.

கேள்வி: லினக்ஸுக்கு மாறினால் தமிழ் டைப்பிங்? என்னிடம் பாமினியில் அடித்த பத்து வருட ஃபைல்கள் இருக்கின்றன.
– வாசகி, கொடைக்கானல்

பதில்: ஐபஸ் எம்17என் என்ற தொகுப்பை ஏற்றினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் வந்துவிடும். பாமினி ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் குப்பையாகத் தெரியும், பயப்படாதீர்கள், ஃபைல் கெடவில்லை. பாமினி யூனிகோட் அல்லாத எழுத்துரு, ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து ஒட்டியது. விண்டோஸை அழிப்பதற்கு முன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த எழுத்துரு ஃபைலைப் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு லினக்ஸில் இரட்டை கிளிக் செய்து இன்ஸ்டால் செய்தால் பழையபடி தமிழ் தெரியும். பிறகு நேரம் கிடைக்கும்போது ஒரு எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிடுங்கள். மாற்றியதும் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு இருக்கும் சொற்களைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள், அங்கேதான் வழுக்கும்.

கேள்வி: நீங்கள் சொன்னபடியே மின்ட் போட்டேன். வைஃபை வந்தது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை, "பாதுகாப்பற்றது" என்கிறது. அப்டேட்டும் "ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்" என்று நிற்கிறது. திரும்ப விண்டோஸுக்கே போகட்டுமா?
– வாசகர், எடப்பள்ளி

பதில்: வலது மூலையில் தேதி என்ன காட்டுகிறது? 2012 ஜனவரி 1 மாதிரி ஏதாவது இருந்தால் மின்ட் மேல் பழி இல்லை. மதர்போர்டில் காசு மாதிரி ஒரு சின்ன செல் இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032, லேப்டாப் அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அது தீர்ந்துவிடும். தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ்கள் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று எழுதப்பட்டவை. உங்கள் லேப்டாப் இன்னும் 2012-ல் இருப்பதால் எல்லாச் சான்றிதழும் அதற்குப் பிறக்காத பிள்ளை மாதிரித் தெரிகிறது. இப்போதைக்கு தேதியைக் கையால் மாற்றிவிட்டு அப்டேட்டை ஓட்டுங்கள். செல்லை மாற்றும்போது சில லேப்டாப்புகளில் அது ஒயரோடு இறுக்கமான பிளாஸ்டிக் உறையில் இருக்கும், வாட்ச் கடைச் செல்லை அதில் சொருக முடியாது, ஒயர் வைத்ததாகக் கேட்டு வாங்குங்கள். தேதி சரியாக இருந்தும் அப்டேட் அடம்பிடித்தால் திரையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்க்கலாம்.